ஒரே குளிர்காலம், 6,000 மான்கள்: செயின்ட் மேத்யூ தீவில் கொழுப்பு சொல்லும் கணக்கு

அலாஸ்காவுக்கும் சைபீரியாவுக்கும் நடுவே, பெரிங் கடலில் செயின்ட் மேத்யூ என்று ஒரு தீவு. நீளம் சுமார் 50 கிலோமீட்டர், அகலம் சில கிலோமீட்டர்தான். மரம் கிடையாது, ஊர் கிடையாது, ஓநாயும் கிடையாது. 1963 கோடையில் அங்கே ரெயின்டீர் எனப்படும் துருவ மான்கள் 6,000 மேய்ந்துகொண்டிருந்தன. 1966இல் போய் எண்ணியபோது இருந்தவை 42.

இந்தக் கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வழக்கமாகச் சொல்லப்படும் வடிவம் இதுதான்: மான்கள் அளவுக்கு மீறிப் பெருகின, இருந்த தீவனத்தை எல்லாம் தின்று தீர்த்தன, பட்டினியில் மொத்தமாகச் செத்தன, நாளைக்கு மனிதர்களுக்கும் இதே கதிதான். கேட்பதற்கு விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் தீவனம் தீர்ந்ததுதான் முழுக் காரணம் என்றால், மந்தை ஏன் 1961இலேயே, 1962இலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சரியத் தொடங்கவில்லை? இன்னொரு கட்சி இருக்கிறது, அவர்கள் எல்லாப் பழியையும் அந்த வருடத்துப் பனிமேல் போடுவார்கள். சரி, அப்படியானால் அதற்கு முந்தைய 19 குளிர்காலங்களை அதே மந்தை எப்படித் தாண்டி வந்தது? பெரிங் கடலில் எந்தக் குளிர்காலமும் இதமாக இருந்ததில்லை.

என் கருத்து என்னவென்றால், இரண்டு கட்சியும் தாவரத்தையும் வானத்தையும் பார்த்துவிட்டு நடுவில் நின்ற மானின் உடம்பைப் பார்க்காமல் விட்டுவிடுகின்றன. தீவனம் எவ்வளவு கிடைத்தது, பனி எவ்வளவு பெய்தது என்ற இரண்டும் கடைசியில் வந்து சேர்கிற இடம் ஒன்றுதான்: தோலுக்கு அடியிலும் சிறுநீரகத்தைச் சுற்றியும் எலும்புக்கு உள்ளேயும் இருக்கிற கொழுப்பு. அந்த வழியாகப் பார்த்தால் இந்த நிகழ்வில் புரியாமல் நிற்கும் பல விஷயங்கள் ஓரளவு புரிபடும்.

தீவில் நடந்தது

1944இல், போர்க்காலத்தில், அமெரிக்கக் கடலோரக் காவல்படை அந்தத் தீவில் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் வழிகாட்டும் ரேடியோ நிலையம் ஒன்றை வைத்திருந்தது. அங்கே இருந்தவர்கள் சுமார் 20 பேர். சரக்குக் கப்பல் வர முடியாமல் போனால் அவசரத்துக்கு இறைச்சி வேண்டுமே என்று, அலாஸ்காவின் நுனிவாக் தீவிலிருந்து 29 துருவ மான்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். 24 பெண், 5 ஆண். கொஞ்ச காலத்தில் போர் முடிந்தது, ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், மான்கள் தங்கிவிட்டன.

அவற்றுக்குக் கிடைத்தது ஒரு கன்னி நிலம். தரை முழுக்க லைக்கன், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் அந்த உயிரி, மெத்தைபோல் தடிமனாகப் படர்ந்திருந்தது. அதை அதுவரை எந்த மேய்ச்சல் விலங்கும் தொட்டதில்லை. வேட்டையாடும் விலங்கு என்று பார்த்தால் துருவ நரி மட்டும்தான், அது வளர்ந்த மானை ஒன்றும் செய்யாது.

டேவிட் கிளைன் என்ற உயிரியலாளர் 1957இல் தீவுக்குப் போனபோது மான்கள் 1,350. நான் போட்டுப் பார்த்த கணக்கில் 13 ஆண்டுகளுக்குச் சராசரியாக வருடத்துக்கு 34 சதவீத வளர்ச்சி. மான் இனத்துக்கு இது கிட்டத்தட்ட உச்சவரம்பு. உடல் எடை இன்னும் வியப்பானது. மனிதர்கள் வளர்த்த மந்தைகளின் துருவ மான்களைவிடப் பெண் மான்கள் 24 முதல் 53 சதவீதமும், ஆண் மான்கள் 46 முதல் 61 சதவீதமும் கனமாக இருந்தன. கொழுத்த மந்தை என்ற சொல் இதற்குத்தான் பொருந்தும். 100 பெண் மான்களுக்கு 75 குட்டிகளும், ஒரு குளிர்காலத்தைத் தாண்டிய 45 ஓராண்டு மான்களும் இருந்தன.

கிளைன் 1963இல் மறுபடி போனார். எண்ணிக்கை 6,000, அதாவது சதுர மைலுக்கு ஏறக்குறைய 47 மான்கள், சதுர கிலோமீட்டருக்கு 18. 1957க்குப் பிறகான ஆறு ஆண்டுகளில் சராசரி வளர்ச்சி வருடத்துக்கு 28 சதவீதம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 34இலிருந்து 28. எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவெடுக்கிற ஒருவர் இந்த இரண்டு எண்களைப் பார்த்தால் மந்தை நன்றாகத்தான் இருக்கிறது, வேகம் சற்றே குறைந்திருக்கிறது என்றுதான் சொல்வார். ஆனால் அதே ஆறு ஆண்டுகளில் பெண் மான்களின் சராசரி எடை 38 சதவீதமும் ஆண் மான்களின் எடை 43 சதவீதமும் குறைந்திருந்தது. தலைகளை எண்ணியவருக்கு ஒன்றும் தெரியாது, எடை போட்டவருக்கு மட்டும்தான் தெரியும்.

அதைவிடச் சங்கடமான ஒன்று உண்டு. அவ்வளவு எடை குறைந்த பிறகும் 1963இன் மான்கள் எலும்பும் தோலுமாக இல்லை. வளர்ப்பு மந்தைகளின் வழக்கமான எடைக்கு வந்திருந்தன, அவ்வளவுதான். 1957ஐப் பார்க்காத ஒருவர் அந்தக் கோடையில் போய் நின்றிருந்தால், சாதாரண மான், சாதாரண எடை என்று குறித்துவிட்டுத் திரும்பியிருப்பார். ஒரு மானின் எடை போதுமா போதாதா என்பதற்கு எடையைப் பார்த்தால் மட்டும் விடை கிடைக்காது. அது எந்தக் குளிர்காலத்துக்குள், எந்தத் தீவனத்தை நம்பி நுழையப்போகிறது என்று தெரிய வேண்டும். செயின்ட் மேத்யூவில் அதற்குள் லைக்கன் குளிர்காலத் தீவனம் என்று சொல்ல முடியாத அளவுக்குப் போய்விட்டது. அது இருந்த இடங்களில் புல்லும் கோரையும் பரவிக்கொண்டிருந்தன. கோடையில் பார்த்தால் தீவு பச்சைப்பசேல் என்றுதான் இருந்திருக்கும்.

குட்டிக் கணக்கிலும் ஒரு சேதி இருந்தது. 100 பெண் மான்களுக்கு 75 குட்டிகள் என்பது 60 ஆனது, சரி, ஐந்தில் ஒரு பங்குதான் குறைவு. ஓராண்டு மான்களோ 45இலிருந்து 26க்கு விழுந்துவிட்டன. பிறப்பு அவ்வளவாகக் குறையவில்லை, பிறந்தவை முதல் குளிர்காலத்தைத் தாண்டுவதுதான் குறைந்தது. குட்டிகள் கோடையில் தின்பதை எல்லாம் வளர்ச்சிக்கே செலவிடுகின்றன, கொழுப்பாக எடுத்து வைக்க அவற்றிடம் மிச்சம் இருப்பதில்லை. அதனால் மந்தையின் கொழுப்புக் கணக்கு இடிக்கத் தொடங்கும்போது முதல் அடி அவற்றுக்குத்தான் விழும். 1963-64க்கு முன்பே குளிர்காலம் அந்தத் தீவில் குட்டிகளைக் கூடுதலாகக் கொன்றுகொண்டிருந்தது என்று நான் இதைப் படிக்கிறேன்.

1963-64 குளிர்காலத்தின் பிற்பகுதியில் வழக்கத்துக்கு மீறிய பனி குவிந்தது. கிட்டத்தட்ட மொத்த மந்தையும் செத்தது. கிளைன் 1966இல் திரும்பிப் போனபோது தீவு முழுக்க எலும்புக்கூடுகள். உயிரோடு இருந்த 42இல் ஒன்றைத் தவிர எல்லாம் பெண் மான்கள், குட்டி ஒன்றுகூட இல்லை. இருந்த ஒரே ஆண் மானுக்கும் கொம்பு வளர்ச்சி சரியில்லை, அதனால் இனப்பெருக்கம் செய்ய முடியாது என்றே பட்டது. 1980களுக்குள் மிச்சமும் போய்விட்டது.

மான் எதற்காகக் கொழுக்கிறது

குளிர் நாடுகளின் மான்களுக்குக் கொழுப்பு என்பது தின்று தின்று தற்செயலாகச் சேர்வது அல்ல. குளிர்காலத்தில் கிடைக்கும் தீவனத்தை மட்டும் வைத்து எந்த மானும் தன் அன்றாடச் செலவை ஈடுகட்ட முடியாது, நல்ல வருடத்திலும் முடியாது. அதனால் அவற்றின் உடம்பே பற்றாக்குறையை எதிர்பார்த்து அமைந்திருக்கிறது. கூண்டில் வைத்து வேண்டிய அளவு தீவனம் போட்டாலும் வெள்ளைவால் மான் குளிர்காலத்தில் தானாகவே குறைவாகத் தின்று எடை இழக்கும். பகல் பொழுது குறைவதே அதற்கான சமிக்ஞை. ஐரோப்பியச் செம்மான்களின் இதயத் துடிப்பை ஆண்டு முழுவதும் அளந்த வால்ட்டர் ஆர்னால்ட் குழுவினர், கோடை உச்சத்தோடு ஒப்பிட்டால் குளிர்காலத்தின் அடிமட்டத்தில் அது 60 சதவீதம் குறைகிறது என்று 2004இல் காட்டினார்கள். இரவு நேரத்தில் கால்களும் உடம்பின் வெளிப்பகுதியும் குளிர்ந்துபோக விட்டுவிட்டு மான் அசையாமல் கிடக்கும். எல்லாம் செலவைக் குறைக்கத்தான்.

சேர்ப்பதற்குக் கிடைக்கும் காலமோ சில மாதங்கள். அந்தக் காலத்தில் தீவனத்தின் அளவைவிடத் தரம் முக்கியம். அலாஸ்காவில் துருவ மான்களை ஆராய்ந்த ராபர்ட் வைட் 1983இல் இதைப் பெருக்க விளைவு என்று விளக்கினார். இலை கொஞ்சம் இளசாக, கொஞ்சம் கூடுதலாகச் செரிக்கக்கூடியதாக இருந்தால், அது அசைபோடும் வயிற்றிலிருந்து சீக்கிரம் நகர்ந்துவிடும், வயிறு சீக்கிரம் காலியாகும், மான் மறுபடி மேயப் போகும், அசைபோடும் நேரமும் குறையும். இலையின் தரத்தில் உள்ள சிறு வித்தியாசம் உடல் எடையில் பெரிய வித்தியாசமாக வந்து நிற்பது இப்படித்தான். கோடை வானிலை மானின் உடம்புக்குள் நுழையும் முக்கிய வாசல் இது. தளிர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் முளைத்து, வெயிலில் சீக்கிரம் முற்றி நார் ஏறிவிட்டால் நல்ல தீவனத்தின் காலம் சுருங்கிவிடும். பனி படிப்படியாக உருகி, மேட்டிலும் பள்ளத்திலும் வெவ்வேறு நேரத்தில் தளிர் விட்டால், மான் அந்தத் தளிரைத் துரத்திக்கொண்டே போய் வாரக்கணக்கில் நல்ல தீனி தின்னும். கொசுவும் ஈயும் மொய்க்கும் வெப்பமான நாட்களில் மேய்வதை விட்டுவிட்டு ஓடுவதும் தலையை ஆட்டுவதுமாகவே பொழுது போகும், அதுவும் இலையுதிர்கால எடையில் தெரியும்.

பால் கொடுக்கும் பெண் மானுக்கு இந்தச் சேமிப்பு காலமும் முழுதாகக் கிடைப்பதில்லை. அது தின்பதில் பெரும்பங்கு குட்டிக்குப் போய்விடும். ஸ்காட்லாந்தின் ரம் தீவுச் செம்மான்களை 1970களிலிருந்து தனித்தனியாக அடையாளம் கண்டு பின்தொடர்கிறார்கள். அங்கே ஒரு பகுதியில் சுடுவதை நிறுத்தியதும் மான்கள் நெருக்கமாகின. அப்போது அடுத்த வருடம் சினைப்படாமல் போனவை பெரும்பாலும் அந்தக் கோடையில் குட்டியை வளர்த்த தாய்களே. குட்டி இல்லாத பெண் மான்களை நெருக்கம் அவ்வளவாகப் பாதிக்கவில்லை. கூட்டம் கூடும்போது யாருடைய கணக்கு முதலில் இடிக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

செலவாகும் வரிசையும் ஓரளவு ஒழுங்கானது. முதலில் முதுகிலும் புட்டத்திலும் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு கரையும். அடுத்து குடலையும் சிறுநீரகத்தையும் சுற்றியுள்ளது. கடைசியாக எலும்பு மஜ்ஜை. நல்ல நிலையில் உள்ள மானின் தொடை எலும்பை உடைத்தால் மஜ்ஜை வெள்ளையாக, மெழுகுபோல் கெட்டியாக இருக்கும், அதில் 80, 90 சதவீதம் கொழுப்பு. பட்டினியில் செத்த மானுடையது சிவந்து கொழகொழவென்று நீர்த்திருக்கும். மஜ்ஜையைக் கரைக்கத் தொடங்கும் நேரத்தில் உடம்பு தசையையும் எரித்துக்கொண்டிருக்கும். தசையில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் ஒரு கிலோ தசையிலிருந்து கிடைக்கும் ஆற்றல் ஒரு கிலோ கொழுப்பிலிருந்து கிடைப்பதில் சிறு பங்குதான். அதனால் கடைசிக் கட்டம் மிக வேகமாக நடக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கீழே வரும் எண்கள் தீவில் அளந்தவை அல்ல, படம் பிடிபடுவதற்காக நான் எடுத்துக்கொண்டவை.

70 கிலோ எடையுள்ள பெண் மான் ஒன்று, உடம்பில் 15 சதவீதம் கொழுப்போடு குளிர்காலத்துக்குள் நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். 10.5 கிலோ கொழுப்பு. கிராமுக்கு 9 கிலோகலோரி என்றால் ஏறத்தாழ 95,000 கிலோகலோரி கையிருப்பு. அடிப்படை வளர்சிதை மாற்றத்துக்கான வழக்கமான சூத்திரத்தில் போட்டு, நடமாட்டத்துக்கும் சேர்த்து அதை 1.7ஆல் பெருக்கினால், ஒரு நாள் செலவு சுமார் 2,900 கிலோகலோரி. தீவனமே இல்லாவிட்டாலும் கொழுப்பை மட்டும் வைத்து ஒரு மாதம் ஓட்டலாம். செலவில் பாதியைத் தீவனம் ஈடுகட்டினால் இரண்டு மாதம், முக்கால் பங்கை ஈடுகட்டினால் நான்கு மாதத்துக்கு மேல்.

இப்போது எடையை 38 சதவீதம் குறையுங்கள், 43 கிலோ. மெலிந்த மந்தையில் கொழுப்பின் விகிதமும் குறைந்திருக்கும், 8 சதவீதம் என்று வைப்போம். கையிருப்பு 31,000 கிலோகலோரிதான். உடம்பு சிறியது என்பதால் செலவும் குறையும், ஆனால் அதே விகிதத்தில் குறையாது. சிறிய உடம்பு கிலோ ஒன்றுக்குக் கூடுதலாகச் செலவழிக்கும். நாளுக்கு 2,000 என்று வரும். தீவனம் இல்லாமல் 15, 16 நாள். பாதி கிடைத்தால் ஒரு மாதம்.

எடை 38 சதவீதம் குறைந்தபோது தாங்கும் காலம் பாதியாகிவிட்டது, கவனித்தீர்களா? எடையோடு கொழுப்பின் விகிதமும் இப்படிச் சரியும்போது, எடைக் குறைவைவிடத் தாங்கும் சக்தியின் குறைவு அதிகமாக வரும். லைக்கன் இருந்த காலத்தில் கூடுதலாகத் தின்று அந்தக் குறையை ஈடுகட்டியிருக்கலாம். அதில் புரதம் குறைவுதான், ஆனால் செரிக்கக்கூடிய மாவுச்சத்து நிறைய, குளிர்காலத்தை ஓட்ட அதுவே போதும். அது போன பிறகு மிஞ்சியது காய்ந்த புல்லும் கோரையும். அதைத் தின்று வயிற்றை நிரப்பலாம், செலவை ஈடுகட்ட முடியாது. பட்டினியில் செத்த மான்களை அறுத்துப் பார்க்கும்போது வயிறு நிறைய நாரும் குச்சியும் இருப்பது பல நாடுகளிலும் வழக்கமாகக் காண்பதுதான். தீவனம் இருந்ததே, எப்படிச் செத்தது என்று கேட்பவர்களுக்கு இது பதில்.

இந்த மெலிந்த மந்தையே ஒரு மிதமான குளிர்காலத்தைத் தாண்டிவிடும். 1962-63ஐத் தாண்டியது. மொத்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனதற்கும் அதுதான் காரணம். கையிருப்பு ஒவ்வொரு வருடமும் குறைகிறது, ஆனால் பூஜ்யத்தைத் தொடாத வரை பெரிய மான்கள் சாவதில்லை. தொட்டால் மொத்தமாகத் தொடும். எல்லா மான்களும் ஏறத்தாழ ஒரே அளவு மெலிந்திருப்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே வாரங்களில் தீர்ந்துபோகும்.

பனி என்ன செய்தது

குளிர் கொன்றது என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. குளிர்கால உரோமத்தோடு நிற்கும் வளர்ந்த துருவ மான் சுமார் -30 டிகிரி செல்சியஸ் வரை உடம்புச் சூட்டுக்காகத் தனியாக எதையும் எரிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு முடியும் உள்ளே காற்று அடைத்தது. வெறும் குளிர் அதற்குப் பெரிய செலவு அல்ல. பலத்த காற்றும், உரோமத்தை நனைக்கும் மழையும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தரையில் கிடக்கும் பனியின் ஆழமும் இறுக்கமும்தான் செலவு.

ஆழமான பனி இரண்டு பக்கமும் வெட்டும். ஒன்று, தீவனம் அடியில் போய்விடும். துருவ மான் முன்னங்காலால் பள்ளம் தோண்டித் தின்னக்கூடியது, பனி தளர்வாக இருந்தால் அரை மீட்டருக்கு மேலும் தோண்டும். ஆனால் காற்று அடித்து இறுக்கிய பனியிலும் உருகி உறைந்த பனியிலும் அது நடக்காது. இரண்டாவது, நடக்கும் செலவு. கால் புதையப் புதைய ஒவ்வொரு அடிக்கும் ஆகும் ஆற்றல் ஏறிக்கொண்டே போகும், நெஞ்சு வரை புதைந்தால் சமதரையில் நடப்பதைப் போலப் பல மடங்கு. வரவு சுருங்கும் அதே நாட்களில் செலவு எகிறுகிறது. மேலே போட்ட கணக்கில் பாதித் தீவனம் கிடைக்கும் என்று வைத்திருந்தோமே, அது ஒரே புயலில் கால்வாசிக்கும் கீழே போகலாம்.

பிற்காலத்தில் கிளைன் வானிலை ஆய்வாளர்களோடு சேர்ந்து பெரிங் கடல் பகுதியின் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்து, 2009இல் அந்தக் குளிர்காலத்தைத் திரும்பக் கட்டி எழுப்பினார். பெரும் பனிப்பொழிவு, சூறைக்காற்று, கடுங்குளிர் மூன்றும் சேர்ந்து வந்த, அந்தப் பகுதிக்கே அசாதாரணமான பருவம் அது. ஆக வானிலைக் கட்சிக்கும் வலுவான வாதம் உண்டு. கிளைன் 1968இல் எழுதிய மூலக் கட்டுரையே தீவனத்தைத் தனியாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை, தீவனமும் தட்பவெப்பமும் ஒன்றோடொன்று சேர்ந்து இயங்கியதைத்தான் சொன்னது. அதைச் சுருக்கிச் சுருக்கித் தின்று தீர்த்தன, செத்தன என்று ஆக்கியது பின்னால் வந்தவர்கள்.

1957இன் மந்தை அந்தக் குளிர்காலத்தைச் சந்தித்திருந்தால்? நிறையச் செத்திருக்கும், குட்டிகளும் கிழங்களும் போயிருக்கும். ஆனால் 1,350 கொழுத்த மான்கள், அடியில் லைக்கன் மெத்தை, காற்று பனியைத் துடைத்துவிட்ட மேடுகளில் போட்டியில்லாமல் மேயும் இடம், இவ்வளவும் இருக்கும்போது நூற்றுக்கு 99 செத்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

ஏன் பெண் மான்கள் மட்டும்?

42இல் 41 பெண் என்பது தற்செயலாக வர வாய்ப்பில்லை. ஆண் துருவ மான் இலையுதிர்காலத்தில், இணைசேரும் பருவத்தில், ஏறத்தாழத் தின்பதையே விட்டுவிடும். சண்டையிலும் துரத்தலிலும் சில வாரங்களில் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் போய்விடும், போவதில் பெரும்பகுதி கொழுப்பு. அதாவது குளிர்காலம் தொடங்கும் முன்பே அதன் கையிருப்பு காலி. அப்புறம் கொம்பையும் உதிர்த்துவிடும். மான் குடும்பத்திலேயே துருவ மானில் மட்டும்தான் பெண்ணுக்கும் வழக்கமாகக் கொம்பு உண்டு, சினையாக இருக்கும் பெண் மான்கள் அதைக் குளிர்காலம் முழுக்க வைத்திருக்கும். கஷ்டப்பட்டுத் தோண்டிய பள்ளத்திலிருந்து கொம்பில்லாத பெரிய ஆணைக்கூட அவை விரட்டிவிடும். கொழுப்பும் இல்லை, பள்ளமும் கிடைக்கவில்லை என்றால் ஆண் மான் முதலில் போவதில் ஆச்சரியம் என்ன?

செயின்ட் மேத்யூவில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 1957இலிருந்து எடை அதிகம் குறைந்ததும் ஆண்களுக்குத்தான், 43 சதவீதம்.

வேறு இடங்களில்

இது ஒரே தீவின் விநோதம் அல்ல. அதே பெரிங் கடலில் பிரிபிலோஃப் தீவுகளுக்கு 1911இல் துருவ மான்களைக் கொண்டுபோனார்கள். செயின்ட் பால் தீவில் விட்டது 25, அவை 1938இல் 2,000ஐத் தாண்டி, 1950இல் எட்டாகச் சுருங்கின. பக்கத்து செயின்ட் ஜார்ஜ் தீவில் 15ஐ விட்டார்கள், அங்கே மந்தை 1922இல் 222ஐத் தொட்டது, பிறகு இறங்கிச் சில டஜன்களாகவே நெடுநாள் நீடித்தது. ஒரே கடல், ஒரே மாதிரி வானிலை, இரண்டு வேறு முடிவுகள். வானிலை மட்டுமே போதும் என்பவர்கள் இந்த ஜோடியை விளக்கத் திணறுவார்கள்.

எதிர்ப்பக்கத்துக்கு ஸ்வால்பார்டைப் பார்க்கலாம். வட துருவத்துக்கு அருகே, நார்வேயின் ஆளுகையில் உள்ள அந்தத் தீவுக்கூட்டத்தின் துருவ மான்கள் காட்டு மான்கள். அங்கே பிரச்சினை குளிர்காலத்தில் பெய்யும் மழை. பனிமேல் மழை விழுந்து உறைந்தால் தரைமேல் பனிக்கட்டித் தகடு படியும், தீவனம் அப்படியே இருந்தாலும் வாய்க்கு எட்டாது. ஏப்ரல் மாதங்களில் வளர்ந்த பெண் மான்களைப் பிடித்து எடை போட்டதில் 1994இல் பிறந்தவற்றுக்கு 55 கிலோவாக இருந்த சராசரி 2010இல் பிறந்தவற்றுக்கு 48 ஆனது. அப்படியானால் மந்தை அழிந்துகொண்டிருக்க வேண்டும் அல்லவா? இல்லை, எண்ணிக்கை கூடியது. கோடை வெப்பம் கூடியதால் தீவனம் பெருகியது, இலையுதிர்காலம் நீண்டு அக்டோபரில் பனி தாமதமாக விழுவதால் மான்களுக்குக் கொழுக்கக் கூடுதல் வாரங்கள் கிடைக்கின்றன. 2021இல் வந்த ஆய்வு ஒன்று இலையுதிர்காலத்தைத்தான் யாரும் கவனிக்காத பருவம் என்று சுட்டிக்காட்டியது. மோசமான குளிர்காலத்தை அதற்கு முந்தைய சில வாரங்கள் ஓரளவு ஈடுகட்டிவிடுகின்றன. இது எப்போதும் போதுமா என்பது வேறு விஷயம். ஆனால் வானிலை என்று ஒரே சொல்லில் முடித்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை: ஒரே வெப்பமயமாதல் அக்டோபரில் கொழுப்பைக் கொடுக்கிறது, ஜனவரியில் எடுக்கிறது.

அளப்பது எப்படி, எப்போது

செயின்ட் மேத்யூவில் மானைச் சுட்டுத்தான் எடை பார்த்தார்கள், அந்தக் காலத்தில் வேறு வழி குறைவு. தேய்ன் ரைனி என்பவர் 1955இல் நியூசிலாந்துச் செம்மான்களை வைத்துப் பரவலாக்கிய சிறுநீரகக் கொழுப்புக் குறியீடு இன்றும் வேட்டை நடக்கும் இடங்களில் புழக்கத்தில் இருக்கிறது. சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பின் எடையைச் சிறுநீரகத்தின் எடையால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். எளிமையானது, ஆனால் சிறுநீரகத்தின் எடையே பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் இலையுதிர்கால எண்ணையும் வசந்தகால எண்ணையும் நேராக ஒப்பிட்டால் ஏமாறுவோம்.

இப்போது மானை உயிரோடு பிடித்து, புட்டத்தில் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துக் கொழுப்பின் தடிமனை அளந்து, கழுத்தில் பட்டை போட்டு விட்டுவிடுகிறார்கள். அதே மானை டிசம்பரிலும் மார்ச்சிலும் பிடித்தால் அந்தக் குளிர்காலத்தின் செலவு நேரடியாகத் தெரிந்துவிடும். இதிலும் ஒரு சிக்கல்: புட்டத்துக் கொழுப்பு பூஜ்யமாகும்போது, வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழும் மியூல் மானின் உடம்பில் இன்னும் 5, 6 சதவீதம் கொழுப்பு உள்ளே இருக்கும். அதற்குக் கீழே போன மானை இடுப்பு எலும்பருகே விரலால் தடவி, தசைநார் எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது என்று பார்த்துத்தான் மதிப்பிடுகிறார்கள்.

அமெரிக்காவின் வயோமிங் மலைத்தொடரில் கெவின் மான்ட்டீத் குழு மியூல் மான்களை இப்படித்தான் வருடக்கணக்காகப் பின்தொடர்கிறது. 2022-23 குளிர்காலத்தில் அங்கே பனி கடுமையாகக் குவிந்தபோது பட்டை போட்ட அந்த வருடக் குட்டிகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை, வளர்ந்த பெண் மான்களிலும் பெரும்பகுதி போயின. அதுபோன்ற ஒரு குளிர்காலத்தில் நன்றாகக் கொழுத்த மானும் தப்புவது கடினம், அதையும் சொல்லத்தான் வேண்டும். கொழுப்பு ஓரளவு வரைதான் தாங்கும்.

மந்தை மெலிந்தது தெரிந்ததும் வைக்கோல் கொண்டுபோய்ப் போட்டால் என்ன என்று உடனே யாராவது கேட்பார்கள். பெரும்பாலும் வேலைக்கு ஆகாது. மானின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிரிகள் அந்தப் பருவத்துத் தீனிக்கு ஏற்ப அமைந்திருக்கும், திடீரென்று தானியத்தைப் போட்டால் வயிறு புளித்து அதனாலேயே சாகும். மெலிந்த மானுக்கு மார்ச்சில் செய்யக்கூடியது மிகக் குறைவு. செய்ய வேண்டியது முந்தைய கோடைக்கு முன்பே, எத்தனை மான்கள் எவ்வளவு நிலத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்ற இடத்தில். செயின்ட் மேத்யூவில் அதைச் செய்ய யாரும் இல்லை, ஓநாயும் இல்லை, வேட்டைக்காரரும் இல்லை.

லைக்கன் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். மான் ஏறாத பக்கத்து ஹால் தீவோடு ஒப்பிட்டு 2005இல் அளந்தபோதும், 40 ஆண்டுகளுக்குப் பிறகு, செயின்ட் மேத்யூவில் திரும்பி வந்திருந்தது அதில் சிறு பங்குதான். 1944இல் இறங்கிய அந்த 29க்குக் கிடைத்த குளிர்காலத் தீவனம் இன்னொரு மந்தைக்கு அங்கே இன்னும் தயாராகவில்லை.